எள்ளு சூப்பு

சுரண்டை
17-1-2024

அண்ணன் பிச்சையாவுக்கு உலகம்மை எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? மூட்டுவலி குறைந்ததா? இங்கே சுகம் என்று எழுத வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். மகேஷ்குமார் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கார்த்திகைக் கடைசியில், தென்காசியில் ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்து, பிளேட் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகப் படுக்கை. சோறு இறங்கவில்லை. அவன் அப்பா கடைசியில் இருந்த மாதிரி முகம் வெளுத்துக் கிடக்கிறான்.

கட்டு மாற்ற வரும் நர்சு ஆட்டுக்கால் சூப்பு கொடுக்கச் சொன்னாள். வைத்துக் கொடுத்தேன். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா கடையில இப்படியா இருக்கும்?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

நமக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகப்போகிறது. எனக்காக எழுதவில்லை, பிள்ளைக்காக எழுதுகிறேன். பக்குவத்தை மட்டும் எழுது. மனமில்லையென்றால் விட்டுவிடு. போன் பண்ண வேண்டாம்.

உலகம்மை


ஆரியசாலை, திருவனந்தபுரம்
2-2-2024

தங்கை உலகம்மைக்கு அண்ணன் பிச்சையா எழுதிக்கொண்டது.

மூட்டுவலி குறையவில்லை. இத்தனை நாள் கேட்காதவள் இப்போது கேட்டிருக்கிறாய், பதில் சொல்லியாகிவிட்டது. மருமகன் விழுந்ததைப் படித்ததும் அன்று அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் உனக்குப் பதில் எழுதாமல் பத்து நாளுக்கு மேல் வைத்திருந்தேன். காரணத்தை எழுதிவிட்டுத்தான் சூப்புக்கு வருவேன்.

மாப்பிள்ளை தளவாய் இறந்தது 2021 ஆடி மாதம். எனக்குத் தெரிந்தது பத்தொன்பது நாள் கழித்து. வாழைக்காய் ஏற்றி வந்த லாரிக்காரன் என் கடையில் நின்று சூப்பைக் குடித்துக்கொண்டே, "மச்சினன் காரியம்லாம் நல்லபடியா முடிஞ்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டான். எந்த மச்சினன், என்ன காரியம் என்று நான் அவனிடம் கேட்டேன். என் தங்கை தாலி இழந்ததை ஒரு லாரிக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். உனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருவன். பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடிச் சேலையை யார் கையிலிருந்து வாங்கினாய்?

மகேஷ் கல்யாணத்தில் உன் புருஷன் ஊர் முன்னால் என்னைப் பார்த்து, "மச்சான், கையை நல்லாக் கழுவிட்டுப் பந்தியில உக்காரும், ஆட்டு முடி ஒட்டியிருக்கப் போவுது" என்று சொல்லிச் சிரித்தார். நான் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்தேன். அப்படி வந்தவன்தான், அவர் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார் என்று கேட்டதும் மிளகும் சுக்கும் பொட்டலம் கட்டி அனுப்பினேன். அதற்கு நீ செய்தது அவர் சாவுக்குத் துட்டி சொல்லாமல் விட்டது.

அன்றைக்கே பகவதி கோயில் நடையில் நின்று, இனி உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் பண்ணினேன். எழுதுவதில்லை என்று பண்ணவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆட்டின் முன்னங்கால் நாலு வாங்கு. பின்னங்காலில் சதைதான், சத்து கிடையாது. நெருப்பில் வாட்டி, கத்தியால் முடியைச் சுரண்டு. மஞ்சள் தேய்த்து, அரிசி கழுவின தண்ணீரில் மூன்று தடவை கழுவு. ஒவ்வொன்றையும் நடுவில் தட்டி உடைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்று. வெந்நீரில் போட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே நின்றுவிடும். குக்கரைத் தொடாதே. காலையில் ஏற்றினால் மத்தியானம் இறக்கு. பொங்கி வரும் அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே இரு. தட்டின சின்ன உள்ளியும் பூண்டும் பாதியில். மிளகு, சீரகம், கொத்தமல்லி கடைசியில். உப்பு அதற்கும் பிறகு.

மருமகனுக்கு என் ஆசீர்வாதம்.
பிச்சையா


சுரண்டை
20-2-2024

அண்ணனுக்கு உலகம்மை எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மகேஷ் வாசித்தான், நானும் வாசித்தேன். நீ எழுதின மாதிரியே வைத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தான். இப்போது தலையணையை முதுகுக்குக் கொடுத்தால் ஒரு மணி நேரம் உட்காருகிறான். ஆனாலும் சூப்பு கொழகொழவென்று வரவில்லை. உன் கடையில் ஆறினால் உதடு ஒட்டுமே, அப்படி வரவில்லை. கால் மட்டும் போதாதா?

மற்றதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

குளிர்ந்த தண்ணீரில் கால் நனைக்காதே.
உலகம்மை


ஆரியசாலை
1-3-2024

தங்கை உலகம்மைக்கு.

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஒன்றும் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். என்னிடம் நிறைய இருக்கிறது. இருக்கட்டும், மருமகன் முதலில் எழுந்து நடக்கட்டும்.

கால் மட்டும் போதாது. இந்தச் சூப்பு எனக்கு வந்த வழியைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். ஞானையன் என்று ஒருவர் இருந்தார். வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். ஆடு அடித்தால் தொடையும் ஈரலும் மானேஜர் பங்களாவுக்குப் போகும். காலும் கழுத்தும் முதுகும் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கு வரும். மழைக்காலத்தில் லயம் முழுக்கக் காய்ச்சல். ஞானையனின் அம்மா, வந்ததையெல்லாம் ஒரே பானையில் போட்டு விறகு அணையும் மட்டும் கொதிக்கவிட்டு, வீட்டுக்கு ஒரு சிரட்டை ஊற்றுவாளாம். இறைச்சி தின்றவனை விட அந்தத் தண்ணீர் குடித்தவன் முதலில் எழுந்து கொழுந்து கிள்ளப் போனான் என்று ஞானையன் சொல்வார். அவர் மலையிறங்கி வந்து ஆரியசாலையில் பானை வைத்தபோது நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வயதில் என் முதுகு போயிற்று. நாற்பது நாள் அவர் ஊற்றினதைக் குடித்து எழுந்தேன். பிறகு மூட்டை தொடவில்லை, பானைதான்.

அவர் சொல்லித் தந்தது இது. காலில் இருப்பது பசை. எள்ளில் இருப்பது உயிர். ஆகவே காலோடு கழுத்து எள்ளும் முதுகு எள்ளும் அரைக் கிலோ சேர். எள்ளை உடைக்காமல் போட்டால் வீண். உடைத்தால்தான் எள்ளுக்குள் இருக்கும் மஜ்ஜை இறங்கும். அரைத் தக்காளி போடு, புளிப்புக்கு எள்ளு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். ஆறவிட்டுப் பார். நுங்கு மாதிரி ஆடினால் சரி.

முறிந்தது இதனால் ஒட்டாது என்று டாக்டர் சொல்வார். சொல்லட்டும். பசி திரும்பும், தூக்கம் வரும், படுத்தவனுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஒட்டுவதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

துட்டி சொல்லாததற்குக் காரணம் என்ன? அடுத்த கடிதத்தில் அதை எழுதாவிட்டால் நீ எழுதவே வேண்டாம்.

பிச்சையா


சுரண்டை
9-3-2024

அண்ணே,

சுகமா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். எள்ளு, எள்ளு என்று எழுதியிருக்கிறாயே, அது எது? கோபப்படாமல் எழுது. உடனே எழுது.

உலகம்மை


ஆரியசாலை
16-3-2024

உலகம்மைக்கு.

சுகம். நான் கேட்டது ஒன்று, நீ கேட்பது வேறொன்று. காரணம் கேட்டால் எள்ளு என்ன என்கிறாய். பேச்சை மாற்ற நீ சின்ன வயதிலேயே கெட்டிக்காரி.

எள்ளு தெரியாதா? ஆட்டுக்கும் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது, உன் மகனுக்கு முறிந்ததும் அதுதான். நீங்கள் எலும்பு என்பீர்கள். இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், தமிழனும் மலையாளியும். சுமட்டுத் தொழிலாளி சுனில் தினமும் வந்து நின்று, "அண்ணாச்சி, ரெண்டு எள்ளு கூடுதல் இடணே" என்று கேட்கிறான். என்னிடம் யாரும் எலும்பு என்று கேட்டதில்லை. ஐம்பத்தேழு வருஷம் இங்கே இருந்தவன் வாயில் இந்த ஊர்ச் சொல் வராமல் எங்கே போகும்? கடைப் பலகையிலும் முப்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, 'ஆட்டு எள்ளு சூப்பு' என்று. நானே கையால் எழுதினது. சாலைக் கடைத்தெருவுக்கு வரும் தமிழ் வியாபாரிகள் பலகையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். சந்தோஷமாக வருகிறவன் நன்றாகக் குடிப்பான்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ ஸ்லேட்டு தூக்கிக்கொண்டு போன வயதில் நான் ஆரியசாலையில் மூட்டை இறக்கினேன். மூட்டை மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்தே படித்தேன். மல்லி, மிளகு, கடுகு, எள்ளு. அந்த மூட்டையில் இருக்கும் எள்ளும் எழுத்தில் இதேதான். ஒரே சத்தம், ஒரே எழுத்து. படித்த உனக்கு இதில் என்ன சந்தேகம்?

இனி காரணத்தை எழுது.
பிச்சையா


சுரண்டை
29-5-2024

அண்ணனுக்கு உலகம்மை எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதிவிட்டு இதை எழுதக் கை கூசுகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். மகேஷ், "நீ எழுதலைன்னா நான் மாமாவுக்குப் போன் போடுவேன்" என்கிறான். அவன் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

2021-இல் நீ அனுப்பின பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாய். அதை இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ எழுதினதை நீயே வாசி.

'மாப்பிள்ளைக்கு இனி மருந்து மாத்திரை வேண்டாம். எள்ளும் தண்ணியும் கொடுத்தால் போதும். தைரியமாக இரு. பிச்சையா.'

அண்ணே, உங்கள் ஊர்ப் பேச்சில் எலும்பைச் சொல்வதென்றால் எல்லு. ல-வுக்கு நாக்கு மடியாது. நீ எழுதியிருப்பது மூட்டையில் வருகிற எள்ளு. நம் வீடுகளில் எள்ளும் தண்ணியும் யாருக்குக் கொடுப்போம்? செத்தவருக்குத்தான் இறைப்போம். படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த மனுஷனுக்கு, மருந்தை நிறுத்திவிட்டு எள்ளும் தண்ணியும் இறை என்று நீ எழுதியதாகத்தான் நாங்கள் வாசித்தோம்.

உன் மற்ற எழுத்தெல்லாம் பேப்பர் படித்துப் படித்துத் திருந்தியிருக்கிறது. இந்த ஒரு சொல் பேப்பரில் வராது. அதில் எலும்பு என்றுதான் போடுவார்கள். அதனால் உனக்குத் திருந்தவே வழியில்லாமல் போயிற்று. இதை யோசித்து யோசித்து நான் அழுதேன்.

துட்டி சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

உலகம்மை


ஆரியசாலை
12-6-2024

உலகம்மைக்கு.

சீட்டு வந்தது. என் கையெழுத்துத்தான்.

மலையாளி வாத்தியார் ஒருவரிடமும், நம் ஊர் மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவரிடமும் கேட்டேன். நீ சொல்வது சரி என்றார்கள். கணக்குப்பிள்ளை, "அண்ணாச்சி, பலகையில வேணும்னே எழுதியிருக்கீர்னு இத்தனை வருசமா நெனச்சேன், நல்ல தமாசு" என்றார். பலகையைப் பார்த்து வியாபாரிகள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

எழுத்தில் தப்பு என்னுடையது. ஒப்புக்கொண்டேன். ஒரு தரம்தான் ஒப்புக்கொள்வேன்.

நம்பினது யார் தப்பு? காய்ச்சலில் நீ கிடந்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவன் நான். உன் தாலிக்குத் தங்க உருப்படி வாங்கினவன் நான். அப்படிப்பட்டவன் உன் புருஷன் சாகட்டும் என்று எழுதி, அதற்குக் கீழே தைரியமாக இரு என்றும் எழுதுவானா? 'அண்ணே, இது என்ன?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இந்த மார்ச்சில் கேட்டாயே அதே கேள்வி. மூன்று வருஷம் முந்திக் கேட்க உனக்கு வாய் இல்லையா? சாதாரண ஆள் எழுதியிருந்தால் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பாய். அண்ணன் எழுதினதை மட்டும் அப்படியே நம்பினாய்.

சூப்பில் போட இல்லாமல் மிளகும் சுக்கும் எதற்கு அனுப்பினேன் என்றுகூடவா தோன்றவில்லை?

எனக்கு இதில் சமாதானம் கிடையாது. மருமகன் நடப்பது சந்தோஷம்.

பிச்சையா


சுரண்டை
25-6-2024

அண்ணனுக்கு உலகம்மை எழுதுவது.

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் மட்டும்.

கல்யாணத்தில் நடந்ததற்குப் பிறகு நீ எப்போதாவது ஒரு நாள் பதிலுக்கு ஏதாவது சொல்வாய் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சீட்டைப் பார்த்ததும், சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். பயந்துகொண்டிருந்தது வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை அண்ணே. பொட்டலத்தில் மிளகு இருந்ததா சுக்கு இருந்ததா என்று அன்று நான் பார்க்கவில்லை.

உன்னிடம் மறைத்தது இன்னும் ஒன்று இருக்கிறது. பொட்டலம் வருவதற்கு நாலு நாள் முந்தி, அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் கை சூப்பு ஒரு வாய் கெடைச்சா எந்திச்சிருவேன்னு தோணுது. அவர்கிட்ட நான் கேட்டேன்னு எழுது. அன்னைக்குப் பந்தியில சொன்னதுக்கு வருத்தம்னும் எழுது" என்றார். எழுதத்தான் கடிதத்தாள் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் லாரிக்காரன் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். உன் பெயரைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "பாத்தியா, கேக்காமலே அனுப்பிட்டாரு" என்று தன் கையாலேயே பிரித்தார். சீட்டை அவர்தான் முதலில் வாசித்தார்.

திட்டவில்லை. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினோரு நாள். "நான் போனா அவருக்குச் சொல்லி விடாத, வந்து எள்ளு எறைக்க அவசரப்படுதாரு" என்றது மட்டும்தான் உன்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது.

சூப்பு கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார். இரண்டு நுரையீரலும் போயிருந்தது, டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆகவே நீ கொன்றதாக எண்ணாதே. ஆனால் கசப்பில்லாமல் போயிருப்பார். அது ஒன்றுதான்.

நான் நம்பவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நம்பினேன் அண்ணே. எந்த எழுத்தைத் திருத்தினாலும் அது மாறாது.

உலகம்மை


ஆரியசாலை, திருவனந்தபுரம்
4-8-2024

தங்கை உலகம்மைக்கு அண்ணன் பிச்சையா எழுதிக்கொண்டது.

நாற்பது நாள் ஆகிவிட்டது. மழை, மூட்டுவலி என்று எழுதினால் பொய். எழுத வரவில்லை.

அங்கே இன்று ஆடி அமாவாசை. இங்கே நேற்றே கர்க்கடக வாவு முடிந்துவிட்டது. விடியும் முன்பே கிளம்பித் திருவல்லம் போனேன். ஆற்றங்கரை முழுக்க ஈர வேட்டிகள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். தர்ப்பணப் பலி போட வைக்கிறவர், யாருக்கு என்று கேட்டார். தங்கை புருஷன் என்றேன். பெயர் கேட்டார். தளவாய். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ளாமலேயே இத்தனை வருஷம் மச்சானாக இருந்திருக்கிறேன்.

தர்ப்பையை விரலில் போட்டுவிட்டு, "எள்ளும் வெள்ளமும் எடுத்தோ" என்று சொன்னார். அப்போது கேட்டேன் உலகம்மை. அந்த ள-வுக்கு அவர் நாக்கு மேலே மடிந்து திரும்பியது. சுனில் எல்லு கேட்கும்போது அப்படி மடியாது. இரண்டு சொல்லும் ஐம்பத்தேழு வருஷமாக என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நான் மூட்டையைப் பார்த்து எழுதினவன், யார் நாக்கையும் பார்த்ததில்லை.

எள்ளையும் தண்ணீரையும் விரல் இடுக்கால் விட்டேன். மாப்பிள்ளைக்கு அதைக் கொடு என்று நான் எழுதினேன். மூன்று வருஷம் கழித்து நானே கொடுத்தேன். அவர் எனக்கு வருத்தம் சொல்லி அனுப்பினார், அது எனக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. என் பதிலை அங்கேயே ஆற்றில் சொல்லிவிட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. உனக்கு எழுத மாட்டேன்.

நீ நம்பினது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று எழுதினால் உன் மனம் தேறும். ஆனால் எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன். எழுதிப் பட்டது போதும்.

கடைப் பலகையை இறக்கினேன். பெயிண்டர் ஷிபின், எழுத்தை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று பின்பக்கத்தைத் திருப்பி மாட்டச் சொன்னேன். அதில் ஒன்றும் எழுதவில்லை. வருகிறவர்கள் வாசனை பிடித்து வருகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

மருமகன் கம்பை விட்டுவிட்டால் எழுதச் சொல். எல்லு வாங்கும்போது இளம் ஆடாகப் பார்த்து வாங்கு.

செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மத்தியானம் போன் போடு. நான் பேச மாட்டேன், நடையில் பண்ணின சத்தியம் இருக்கிறது. நீ பேசு. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதோடு வாழைக்காய் லாரியில் ஒரு பொட்டலம் வருகிறது. பதினாறாம் நாள் வர வேண்டிய கோடிச் சேலை. வெள்ளை எடுக்கவில்லை, பச்சைதான். மூன்று வருஷம் பிந்திவிட்டது என்று யாராவது சொன்னால் என்னிடம் கேட்கச் சொல்.

சேலைக்குள் சீட்டு எதுவும் வைக்கவில்லை. தேடாதே.

அண்ணன்
பிச்சையா